கட்டை நேரமா, தரிப்பிடை நேரமா?

வணக்கம்.

தம்பி, மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையில் விமானத்தில் போக 'பயணத் தூரம் சுமார் 290 கிலோமீட்டர், பயண நேரம் ஒரு மணித்தியாலம்' என்று நீங்கள் போட்ட அட்டவணையைப் பார்த்தேன். கணக்கு சரிதான். 290 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 157 கடல் மைல், செஸ்னா கரவன் மாதிரிச் சின்ன விமானம் 160 நொட்டில், அதாவது மணிக்கு 160 கடல் மைல் வேகத்தில், போனால் மணித்தியாலம் ஒன்று வரும். எனக்குச் சிக்கல் அந்த 'பயண' என்ற சொல்லில்தான்.

தூரத்தை முதலில் முடிப்போம். பயணத் தூரம் என்றால் எங்கட ஆட்கள் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள், ஹபரணை, வவுனியா என்று சுற்றி 350 கிலோமீட்டருக்கு மேலே. அகலாங்கு நெட்டாங்கை வைத்துக் கணக்கிட்டதற்குப் 'பெருவட்டத் தூரம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, பூமி உருண்டையின் மேல் இரண்டு இடத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் என்று அர்த்தம், பொது வாசகருக்கு 'நேர்த்தூரம்' போதும். 'வான்தூரம்' வேண்டாம், நிலாவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பது போல இருக்கிறது.

நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'பயண நேரம்' என்பதற்குப் பதிலாகப் 'பறப்பு நேரம்' என்று போடச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விமானி தன் பதிவேட்டில் எழுதும் நேரம் சில்லு நிலத்தை விட்டு எழும்பியதிலிருந்து தொடங்குவதில்லை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரைவிலக்கணப்படி, மேலெழுவதற்காக விமானம் முதன்முதலில் அசைந்த கணத்திலிருந்து, இறங்கிக் கடைசியாக ஓய்ந்து நிற்கும் வரை எண்ண வேண்டும். ஆங்கிலத்தில் பேச்சுவழக்காக 'புளொக் டைம்' என்பதும் இதுதான், சில்லுக்கு முன்னே வைக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை. ஆகவே அதைப் பறப்பு நேரம் என்றால் தரையில் ஊர்ந்த நேரத்தையும் பறப்பில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கிற திமிலைத்தீவு ஓடுபாதையில் அது சில நிமிடம்தான், பெரிய விமான நிலையம் என்றால் அரை மணித்தியாலமும் போகும்.

அந்தப் புளொக் டைமுக்கு எனக்கு முதலில் 'கட்டை நேரம்' என்ற சொல் பிடித்திருந்தது, ஒளிக்கவில்லை. பதுளைப் பக்கம் மரக்கறி ஏற்றப் போகிற லொறி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் கதவைத் திறந்து குதித்து, பின்சில்லுக்குக் கட்டையை உதைத்துச் செருகுவான். அந்த லொறிச் சொல்லே விமானத்துக்கும் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கட பக்கம் கட்டை என்றால் மைலும்தான், கல்முனை 25 கட்டை என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள், தூரமும் நேரமும் ஒரே அட்டவணையில் வரும்போது இது குழப்பும். அப்புறம் வீட்டில் இவவிடம் கேட்டேன். "கட்டையில போறதுக்கு டிக்கெட்டும் எடுக்கிறதா?" என்றா. அதோடு கைவிட்டேன்.

பஸ் தரிப்பிடம் என்று எல்லோரும் சொல்கிறோம்தானே. ஒரு தரிப்பிலிருந்து அசைந்து அடுத்த தரிப்பில் நிற்கும் வரை உள்ளதைத் 'தரிப்பிடை நேரம்' என்றால் என்ன? தரிப்பு, இடை, அவ்வளவுதான். வாயில் கொஞ்சம் தரிப்பிடம் போலவே விழுகிறது, அது குறைதான், என்றாலும் பொருள் பிழைக்காது. சில்லு எழும்பித் தொடும் வரைக்கு மட்டும் 'பறப்பு நேரம்' இருக்கட்டும். கட்டையை 'சில்லுக்கட்டை' என்று தனியாகப் பதியலாம்.

உங்கள் அட்டவணையில் இருப்பது பறப்பு நேரம், தம்பி. பக்கத்தில் தரிப்பிடைக்கு இன்னொரு நிரல் போட்டு, பத்து நிமிடமாவது கூட்டி எழுதுங்கள்.