நம்ம கடற்கரையில் பார்த்த காபி பிஸ்தாக்கள்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கறது எழுதினவரோட புனைபெயர்)

மண்டபம் ரோடு

ஒரு காபி கம்பெனி புதுசா திறந்த கிளைக் கடை, பேரு வேண்டாம். இத்தாலி மெஷின், ஆர்.ஓ. தண்ணி, சீருடை போட்ட தம்பிகள், எல்லாம் இருந்துச்சு. பாலை நுரைக்க ஸ்டீம் குழாயைத் திறந்தா ஆவிக்குப் பதிலா கொதிதண்ணி பாலுக்குள்ள பீய்ச்சி அடிக்குது. ஊர்லேருந்து மெக்கானிக் வந்து வால்வை மாத்தினாரு. மறுபடியும் தண்ணிதான். பக்கத்து டீக்கடை மாஸ்டர் எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, தண்ணி டி.டி.எஸ். எவ்வளவுப்பா?"ன்னு மட்டும் கேட்டாரு. டி.டி.எஸ்.ன்னா தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டுற எண். மீட்டரை விட்டா 12.

விஷயம் அங்கதான் இருந்துச்சு. ஆவி உண்டாக்குற பாய்லருக்குள்ள தண்ணி மட்டம் பார்க்க ஒரு கம்பி தொங்கும். தண்ணியில கொஞ்சமாவது உப்பு இருந்தாத்தான் அது வழியா மின்சாரம் போகும், நிரம்பினது மெஷினுக்குத் தெரியும். உப்பை மொத்தமா உருவிட்டா, நிரம்பின பிறகும் மோட்டார் தண்ணியை ஏத்திக்கிட்டே இருக்கும். ஆவி நிக்க இடம் இல்லாம தண்ணியே குழாய் வழியா வெளிய வரும். ஆர்.ஓ.வுல வடிக்காத தண்ணியைக் கொஞ்சம் கலக்க விடுற பைபாஸ் திருகைத் திறந்து டி.டி.எஸ்.ஸை 100-க்கு மேல கொண்டுவந்து, பாய்லர்ல அதிகமா இருந்ததை வடிச்சதும் ஆவி வந்துடுச்சு.

பிஸ்தான்னா இவருதான். நீங்க பார்த்தவங்களையும் எழுதுங்க.

உச்சிப்புளி

அண்ணே, மாஸ்டர் கண்டுபிடிச்சது சரி. ஆனா பைபாஸைத் திறக்கச் சொன்னதை அப்படியே விடக்கூடாது. பைபாஸ்ல எந்தத் தண்ணி வருதுங்கறதுதான் முக்கியம்.

போர் தண்ணி 2000 இருக்குன்னு வைங்க. இருபதுல ஒரு பங்கு கலந்தாலே 100-ஐத் தாண்டிடும், மீட்டர் பார்த்தா எல்லாம் சரின்னு தோணும். ஆனா நம்ம கரையோரப் போர்ல கடலுப்புதானே பெரும்பங்கு. அந்தக் குளோரைடு எவர்சில்வர் பாய்லரையே புள்ளி புள்ளியா அரிச்சு ஓட்டை போடும். சுண்ணாம்புக் கறை படிஞ்சா ஆசிட் ஊத்திக் கழுவலாம், அரிச்ச ஓட்டைக்கு பாய்லரையே மாத்தணும். சாஃப்ட்னர் போட்டா போதும்னு விக்கிறவங்க சொல்வாங்க. அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை வைக்கும், குளோரைடு வந்த மாதிரியே உள்ள போகும்.

காவிரிக் குழாய்த் தண்ணி வர்ற இடம்னா அதையே பைபாஸுக்குக் கொடுங்க. அது 400 இருந்தா கால் பங்கு கலந்தா 110 கிட்ட வரும். லாரித் தண்ணியை நம்பி இருக்குற இடத்துல ஆர்.ஓ.க்குப் பின்னாடி கால்சியம், மக்னீசியம் சேர்க்குற கார்ட்ரிட்ஜ் போட்டுடுங்க. காபிக்கு 75-லேருந்து 250 வரைக்கும் நல்லது, 150 கிட்ட இருந்தா ருசி தெளிவா நிக்கும். பத்து, பன்னெண்டுல வடிச்சா புளிப்பு தூக்கலா, திடமில்லாம இருக்கும். சுண்ணாம்பு அதிகமான தண்ணி காபியோட புளிப்பை அடக்கிச் சப்புன்னு ஆக்கிடும்.

மீட்டரைத் தினமும் விடுங்க. கோடையில போர் தண்ணி ஏறிக்கிட்டே போகும்.

கீழக்கரை டிகாஷன்

பஸ் ஸ்டாண்டு பக்கம், இன்னொரு கிளை. பெரிய பித்தளை ஃபில்டர், காலை நேரம், வாசல்ல கூட்டம். கீழ் டப்பாவைத் திறந்தா ஒரு சொட்டு இல்ல. தம்பி இன்னும் கொஞ்சம் கொதிதண்ணி ஊத்துறான், கரண்டியால அமுக்குறான். அமுக்க அமுக்க இன்னும் அடைச்சுக்குது. கல்லாவுல இருந்த பெரியவர் எழுந்து வந்து பொடியை விரல்ல எடுத்து நசுக்கிப் பார்த்தாரு. களி. "ராத்திரி பாக்கெட்டைத் திறந்து வச்சியாப்பா?"

மொத்தத்தையும் கொட்டிட்டுப் புதுப் பாக்கெட்ல ஆரம்பிச்சாரு. 100 கிராம் பொடி, ஃபில்டரை மூணு தட்டு தட்டி மட்டம் பண்ணினதோட சரி, அமுக்கலை. முதல்ல 100 மில்லி ஊத்தி அரை நிமிஷம் ஊறவிட்டு, அப்புறம் மெதுவா 350. கொதி அடங்கின தண்ணி. பொடியே கிட்டத்தட்ட 200 மில்லியைப் பிடிச்சு வச்சுக்கும், கையில வர்றது 250. டம்ளருக்கு 25 மில்லி டிகாஷன், 90 மில்லி பால்னா பத்து காபி.

அடைச்சதுக்குக் காரணம் சிக்கரி. அது தண்ணியில கரைஞ்சு கெட்டியாகும், ஈரக் காத்தையும் காபியை விட வேகமா இழுக்கும். சட்டப்படி காபி குறைஞ்சது 51 சதவீதம் இருந்தாப் போதும்ங்கறதால மலிவுப் பாக்கெட்ல சிக்கரி 49 வரைக்கும் போகும். மதுரையில அந்தப் பொடி சமாளிக்கும். இங்க கடல்காத்துல மூடாம வச்சா காலையில பிசின்தான். சிக்கரி 20-க்குள்ள இருக்குற கலவையா வாங்குங்க, 200 கிராம் பாக்கெட்டா எடுங்க. திறந்தா அன்னிக்கே முடிக்கணும்.

பாம்பன் பாலம்

எல்லாரும் கிளைக் கடைத் தம்பிகளைக் குறை சொல்றமாதிரி போகுது, அது நியாயம் இல்ல. மாஸ்டர் கை இல்லாமலே ஓடணும்னுதான் அந்தக் கடையை அமைச்சிருக்காங்க. அளந்த பாக்கெட், ஒரே மெஷின், சுவத்துல ஒட்டின படி. அப்படி இல்லாம ஊர் ஊரா கிளை திறக்க முடியாது.

அமெரிக்கக் காபிக் கடை கம்பெனி ஸ்டார்பக்ஸையே எடுத்துக்குங்க. 1971-ல சியாட்டில்ல காபிக் கொட்டை விக்கிற கடையா ஆரம்பிச்சது. 1987-ல 17 கடை, 1992-ல பங்குச் சந்தைக்கு வரும்போது 165, 2007-ல 15,000 கிட்ட. வேகம் வேணும்னு பட்டனை அமுக்கினா வடிக்கிற மெஷினைக் கொண்டுவந்தாங்க. 2007-ல அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸே எழுதின குறிப்பு வெளிய வந்துச்சு. அந்த மெஷின் வேகத்தைக் கொடுத்துச்சு, ஆனா ஆள் வடிக்கிறதைப் பார்க்க முடியாமப் போச்சு, காத்துப் புகாத பாக்கெட் வந்ததும் கடையில வாசனையே போச்சுன்னு அவரே சொல்லியிருந்தாரு. 2008 பிப்ரவரி 26 சாயங்காலம் அமெரிக்காவுல 7,100 கடையை மூணு மணி நேரத்துக்கு மேல மூடி, எஸ்பிரெஸோ, அதாவது அழுத்தத்துல வடிக்கிற கெட்டிக் காபி, எப்படி வடிக்கணும்னு திரும்ப சொல்லிக்கொடுத்தாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கை தேவைப்பட்டுச்சு.

அதனால இங்க கிளை எடுக்கிறவங்க முதல் மாசத்துலேயே ஒரு உள்ளூர் மாஸ்டரைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கணும். எஸ்பிரெஸோன்னா 18 கிராம் பொடி, 36 கிராம் காபி, 25-லேருந்து 30 நொடி. சுவத்துல அது இருக்கும். வாடைக்காத்து அடிக்கிற அன்னிக்குப் பொடி கட்டி தட்டி, தண்ணி ஒரே பக்கமா ஓடி 15 நொடியில கொட்டும்னு சுவத்துல இருக்காது. முதல்ல கட்டியை ஊசியால கலைச்சு, மட்டம் பண்ணி இன்னொரு தடவை வடிக்கணும். அப்பவும் நொடி கூடலைன்னாத்தான் பொடி இன்னும் நைசா வர கிரைண்டரை ஒரு பல் நெருக்கணும். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, எடை போட்டு நொடி பார்த்து நோட்டுல எழுதச் சொல்லுங்க.

சாயல்குடி பனை

கருப்பட்டிக் காபியை யாரும் தொடலையே! ஏர்வாடி ரோட்டுல ஒரு கடை, அடுப்புல பால் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே கருப்பட்டியைப் போட்டாங்க. கண் முன்னாடி மொத்தப் பாலும் திரிஞ்சு போச்சு. வாசல்ல நின்ன சனம் கலைஞ்சிடுச்சு.

மழைக்காலத்துல கருப்பட்டி ஈரம் இழுத்து உள்ளுக்குள்ள புளிச்சிருக்கும். டிகாஷனும் புளிப்பு. பால் சூடா இருக்க இருக்க, கொஞ்சப் புளிப்பே அதைத் திரிக்கப் போதும். 250 கிராமை உடைச்சு 150 மில்லி தண்ணியில கரைச்சு, அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு, துணியில வடிங்க. அடியில மண் நிக்கும், அதைச் சேர்க்காதீங்க. ஒரு ஸ்பூன் பாகுல நாலு ஸ்பூன் சூடான பால் விட்டு ஒரு நிமிஷம் பாருங்க. துளித்துளியா பிரிஞ்சா அந்தப் பாகு சுக்குக் காபிக்குத்தான். பிரியலைன்னா அடுப்பை விட்டு இறக்கின பாலுல டிகாஷன், கடைசியா பாகு. இந்த வரிசையை மாத்தக்கூடாது.

மண்டபம் ரோடு

அண்ணே, டம்ளருக்குப் பாகு எவ்வளவு?

சாயல்குடி பனை

120 மில்லி டம்ளருக்கு 10 மில்லி. புதுக் கருப்பட்டின்னா 8 போதும்.