ஆள்புலம், வழங்குபுலம்: 'வட்டாரம்' மட்டும் வேணாம்

அண்ணே, விக்கித்தரவுல (விக்கிப்பீடியாவோட கூடப்பொறந்த பொதுத் தரவுத்தளம்) ஆட்சி எல்லை, பேச்சுவழக்குப் பகுதி எல்லாத்துக்கும் தமிழ்ல 'வட்டாரம்'னு போட்டு முடிச்சிடலாம்னு நீங்க எழுதினத பாத்தேன், எனக்கு மனசு ஒப்பல. எங்க பக்கம், மலேசியாவுல பினாங்கு மாநிலத்துல, பட்டர்வொர்த் வட்டாரம், பிறை வட்டாரம்னு சொன்னா சும்மா அந்தப் பக்கம்னுதான் அர்த்தம், எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இலங்கையில வட்டாரம்னா உள்ளூராட்சித் தேர்தல் வார்டு, தமிழ்நாட்டுல வட்டார வளர்ச்சி அலுவலர்னு ஒருத்தர் ஆபீஸ் போட்டு உக்காந்திருக்காரு. 'பிரதேசம்' அதுக்கும் மேல. இங்க கூட்டரசுப் பிரதேசம்னா கோலாலம்பூர், லாபுவான், புத்ராஜெயா, எல்லாம் மாநிலத்துக்குச் சமமா நிக்கிறது. இலங்கையில பிரதேச செயலகம் மாவட்டத்துக்கும் கீழ. சொல்லு ஒண்ணுதான், படி வேறயா இருக்கு.

இந்தக் குழப்பத்துல நானே மாட்டினேன். விக்கித்தரவுல பினாங்குன்னா தீவு ஒரு உருப்படி (தனிப் பதிவு), மாநிலம் இன்னொரு உருப்படி, நான் கவனிக்காம பட்டர்வொர்த்த தீவுக்குள்ள தூக்கி வச்சிட்டேன். மாநிலத்துல 5 மாவட்டம், அதுல தீவுல ரெண்டுதான், மிச்சம் 3 அக்கரையில செபராங் பிறையில இருக்கு. ஆனா பேச்சுல பாருங்க, பட்டர்வொர்த்காரரு ஃபெரி ஏறும்போது "பினாங்கு போறேன்"னுதான் சொல்றாரு, அவரு நிக்கிறதே பினாங்கு மாநிலத்துலதான்! அவரு சொல்றதும் தப்பில்ல, அவரு மனசுல இருக்கிறது தீவு, தரவுத்தளம் கேக்கிறது மாநிலம்.

அதனால 'ஆட்சி இருக்கிற எல்லை'க்கு ஆள்புலம்னு வைப்போம். இலங்கைச் சட்டத் தமிழ்ல ஏற்கெனவே புழங்கற சொல்லு, புதுசா காய்ச்ச வேண்டியதில்ல. நாடு, மாநிலம், மாவட்டம், முக்கிம் (மாவட்டத்துக்குக் கீழ வர்ற பிரிவு) எல்லாம் ஆள்புலத்தோட வகைங்க. முக்கிம்ம தமிழ்ப்படுத்த வேணாம், அப்படியே விட்டுடுங்க, நில கிராண்ட்லயும் அப்படித்தான் இருக்கு. ஒரு இடம் எந்த ஆட்சி எல்லைக்குள்ள இருக்குன்னு காட்டற பி131 பண்புக்கு 'அமைந்துள்ள ஆள்புலம்'னா போதும். வெறும் இடத்துக்கு 'அமைவிடம்' இருக்கவே இருக்கு.

எல்லைக்கோடே இல்லாம ஜனங்க வாய்ல மட்டும் இருக்கிற கிள்ளான் பள்ளத்தாக்கு (கோலாலம்பூரும் அதச் சுத்தி இருக்கிற பகுதியும்), கொங்கு நாடு மாதிரி சமாச்சாரத்துக்கு என் பரிந்துரை வழங்குபுலம். அதாவது வழக்குல இருக்கிற புலம். பத்துமலைய எடுத்துக்குங்க, வெளியூர்க்காரங்க எல்லாம் தைப்பூசத்துக்கு கேஎல் (கோலாலம்பூர்) வந்தோம்னுதான் சொல்வாங்க, ஆனா அது சிலாங்கூர்ல கோம்பாக் மாவட்டம். ஆள்புலம் கோம்பாக், வழங்குபுலம் கிள்ளான் பள்ளத்தாக்கு, ரெண்டும் சண்டை போடாம ஒரே உருப்படியில உக்காந்துக்கும்.

இன்னொண்ணு, ஆள்புலம் மாறும். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-லதான் கூட்டரசுப் பிரதேசம் ஆச்சு, அதுக்கு முன்ன சிலாங்கூர். 1960-ல செந்தூல்ல பொறந்தவருக்கு பொறந்த மாநிலம் சிலாங்கூர்தான், ஐசி (அடையாள அட்டை) என்ன சொன்னாலும் சரி லா. அதனால தொடக்க நாள், முடிவு நாள் போடாம யாரும் சேமிக்காதீங்க, நான் முந்தி அப்படிப் போட்டத இப்ப ஒவ்வொண்ணா தோண்டிக்கிட்டு இருக்கேன்.

ஒருத்தரு 'நிலப்புலம்'னு சொன்னாரு, அது பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி கேக்குது. 'வழங்குபுலம்' வாய்க்கு வரலன்னா வேற சொல்லுங்க, ஆள்புலத்துல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஆட்சேபம் இல்லன்னா ஞாயித்துக்கிழம செபராங் பிறை 3 மாவட்டத்தையும் மாத்திடறேன்.