குடியை விட்ட பிறகும் விடாத உடல்நல அச்சம்

தக்கலைவாசி: பல ஆண்டுகள் அளவுமீறிக் குடித்து, சென்ற ஆண்டு முற்றிலும் நிறுத்திவிட்டேன். ஆயினும் வலது விலாவின் கீழ் சற்றுப் பிடித்தாலே கல்லீரல் சுருங்கிவிட்டதோ என்று பதறுகிறேன். இரவில் பாதங்கள் எரிகின்றன. மார்த்தாண்டத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தும் மனம் நம்பவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர்: இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருப்பது நல்ல செய்தியே, எனினும் தழும்பேறிய கல்லீரலிலும் அவை இயல்பாகக் காணப்படலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுத்தால் ஐயம் பெரிதும் தெளியும். வெறும் கொழுப்புப் படிவாக இருந்திருந்தால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கியிருக்கும். பாத எரிச்சலுக்குக் கல்லீரலைக் குற்றம் சொல்ல வேண்டாம்: நெடுங்காலக் குடி நரம்புகளை நேரடியாகவும், பி1 உயிர்ச்சத்துக் குறைவின் வழியாகவும் பாதிக்கிறது, மீள்வதற்கு மாதங்கள் பிடிக்கும். பி12, சர்க்கரை அளவுகளையும் பாருங்கள். கண் மஞ்சளித்தாலோ, மலம் கறுத்தாலோ, வயிறு வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குளச்சல்காரன்: தம்பி, நானும் இவ்வழியே வந்தவன். மாதந்தோறும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பது அச்சத்தை வளர்க்குமே தவிரத் தணிக்காது. அடுத்த பரிசோதனை எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடமும் இதைக் கூச்சமின்றிச் சொல்லலாம்.

தக்கலைவாசி: நன்றி அண்ணா. ஸ்கேனுக்கு முன் சாப்பிடலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்: மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும்.