தொண்டையிலும் உணவுக்குழாயிலும் ஒரே நேரத்தில் புற்று: அறுவைக்கு முந்தைய கீமோ குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் நோயாளி ஒருவருக்கு ஹைப்போஃபாரிங்ஸ் (தொண்டையின் அடிப்பகுதி), உணவுக்குழாயின் நடுப்பகுதி இரண்டிலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (உள்படலத்தின் தட்டையான செல்களில் தொடங்கும் புற்று). இரண்டும் அறுவைக்கு உகந்தவை; வேறெங்கும் பரவவில்லை. இரண்டிலும் வேலை செய்யக்கூடியது என்பதால் டோசிடாக்ஸல், சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ (ஃப்ளூரோயுராசில்) என்ற மூன்று கீமோ மருந்துகளின் கூட்டை அறுவைக்கு முன் முதலில் கொடுக்க நினைக்கிறோம். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு டோசிடாக்ஸல் 70 மி.கி., சிஸ்பிளாட்டின் 70 மி.கி. முதல் நாள்; 5-எஃப்யூ தினம் 750 மி.கி., 5 நாள். 3 வார இடைவெளியில் 3 சுற்று.

வெள்ளணு குறைந்து காய்ச்சல் வருவதைத் தடுக்க முதல் சுற்றிலிருந்தே ஜி-சிஎஸ்எஃப் (வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் மருந்து) ஊசி உண்டு. சிறுநீரகத்தைக் காக்க, சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் பின்னும் சலைன், மெக்னீசியம். விழுங்க முடியாததால் குழாய்வழி உணவு அவசியம். ஆனால் வயிற்றில் பெக் (தோல்வழியே துளையிட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் உணவுக்குழல்) போட வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறோம். பின்னால் உணவுக்குழாய்க்கு மாற்றாக மேலே இழுக்கப்போவது அந்த இரைப்பையைத்தான், அதில் துளை விழக்கூடாது. மூக்குக்குழாயா, சிறுகுடல் குழாயா?

பெரிய கவலை வேறு: ஒரு கட்டி சுருங்கி மற்றொன்று வளர்ந்தால்? 3 சுற்றும் முடியக் காத்திருந்தால் அறுவைக்கான வாய்ப்பே நழுவலாம். எத்தனையாவது சுற்றுக்குப் பின் எண்டோஸ்கோபியும் சிடியும் எடுக்கிறீர்கள்? ஒன்று மட்டும் வளர்ந்தால் உடனே அறுவையா, கதிர்வீச்சுடன் கீமோவா? இத்தகைய நோயாளிகளைப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.