கிரகணத்தன்று கொல்லையில் பார்த்தது

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். காலை எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடித்தது. "எல்லா ஜீவனும் அடங்கிடும் பாரு" என்று அப்பாயி சொல்லியிருந்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று கொல்லையில் பூசணிக் கொடி ஓரம் உட்கார்ந்தேன். வாசல் கோலத்துக்குப் பறித்தது போக ஏழெட்டுப் பூ மிச்சம் இருந்தது. எல்லாவற்றிலும் தேனீ.

ஒன்பதரைக்குச் சூரியன் கீற்றாகிவிட்டது. திருச்சிப் பக்கம் முழு வளையம் தெரிந்தது, எங்களுக்கு அது கிடைக்கவில்லை. இருட்டவும் இல்லை. வெயிலில் சூடு போய், வெளிச்சம் சோகை பிடித்த மாதிரி ஆனது. முருங்கை நிழலுக்குள் தரையெல்லாம் பிறை பிறையாக வெளிச்சம். கோழி குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு வைக்கோல் போரடியில் ஒதுங்கியது. மைனாச் சத்தம் நின்றுபோனது. பசு அசையாமல் அசைபோட்டது.

தேனீ மட்டும் அடங்கவே இல்லை. பூவுக்குப் பூ போவதில் கொஞ்சம் நிதானம் வந்தது, அவ்வளவுதான். அப்பாயி சொன்னது தப்பா என்று பல நாள் யோசித்தேன். அப்புறம்தான் படித்தேன்: 2017 ஆகஸ்ட் 21 முழு கிரகணத்தின்போது அமெரிக்காவில் 16 இடங்களில் பூக்களுக்குப் பக்கத்தில் சின்ன மைக் வைத்துத் தேனீக்களின் ரீங்காரத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். சூரியன் முழுதாக மறையும்வரை தேனீக்கள் பறந்துகொண்டேதான் இருந்தன. முழு இருட்டு வந்ததும் சட்டென்று அமைதி; எல்லா இடத்திலும் சேர்த்து ஒரே ஒரு ரீங்காரம்தான் பதிவானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் ஒவ்வொரு பறத்தலும் வழக்கத்தைவிட நீண்டதாம். நான் பார்த்த நிதானம் அதுதான் என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் அந்தக் கீற்று போகாததால் தேனீயும் போகவில்லை.

உங்கள் ஊரில் என்ன பார்த்தீர்கள்?

*

வேதாரண்யத்திலிருந்து:

அண்ணே, எனக்கு 2010 ஜனவரி 15தான் நினைவில் நிற்கிறது. அன்று மாட்டுப் பொங்கல். கிரகணம் விட்டபிறகு பொங்கல் வைக்கலாம் என்று மாடுகளைக் குளிப்பாட்டித் திடலில் கட்டியிருந்தோம். ஒன்றேகால் மணி இருக்கும், உச்சி வெயில் சாயங்காலம் மாதிரி மங்கியது. மாட்டுக் காலடியில் பூச்சி பொறுக்கிய உண்ணிக்கொக்கெல்லாம் மொத்தமாக எழும்பிப் புளியமரத்துக்குப் போய்விட்டன. எங்கள் அப்பா கையில் மாலையோடு அப்படியே நின்று பார்த்தார். வெளிச்சம் ஏறியதும் ஒவ்வொன்றாக இறங்கி, விட்ட இடத்திலேயே மேய ஆரம்பித்தன.