வம்பு வழக்குக்கு மூவாயிரம்தானா?

நெல்லைச்சீமை: "பொய் வழக்காகப் போட்டுத் தள்ளுகிறவர்களை நீதிமன்றம் இப்போதெல்லாம் சும்மா விடுவதில்லை" என்று கருப்புக்கோட்டு காலையில் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவில், பொய் வழக்கு போட்டவர் எதிராளிக்குத் தர வேண்டிய இழப்பீடு அதிகபட்சம் 3,000 ரூபாய். 1976-ல் ஆயிரத்தை மூவாயிரம் ஆக்கினார்கள், அதோடு சரி.

கருப்புக்கோட்டு: அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதாதீர்கள். 64 வழக்கு போட்ட ஓர் அறக்கட்டளைக்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

நெல்லைச்சீமை: அது டெல்லி. நான் சொல்வது முன்சீப் கோர்ட். அப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கு ஒரே ஆள் நாலு வழக்கு போட்டார். நாலும் தள்ளுபடி. பதினோரு வருஷம் போச்சு, வக்கீல் பீஸ் மட்டும் மூன்று லட்சம். அதற்கு 3,000 ரூபாயா?

வைகைக்கரை: 1949-லேயே சென்னை மாகாணத்தில் இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டதே. வம்பு வழக்கே வழக்கமாக உள்ளவர் என்று உயர் நீதிமன்றம் அறிவித்துவிட்டால், சென்னைக்குள் உயர் நீதிமன்றமும் வெளியூரில் மாவட்ட நீதிபதியும் அனுமதித்தால்தான் அவர் புது வழக்கு போட முடியும்.

நெல்லைச்சீமை: அதற்கு மனு போட வேண்டியது மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல். ஒன்றரை ஏக்கர்காரன் அவரை எங்கே போய்ப் பார்ப்பான்? 3,000-க்குப் பதில் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு: வழக்கைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லி, அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7 விதி 11-ல் மனு போட்டு முளையிலேயே கிள்ளியிருக்கலாம். உங்கள் வக்கீல் தூங்கினால் சட்டம் என்ன செய்யும்?

நெல்லைச்சீமை: என் வக்கீலைப் பேச நீங்கள் யார்? போன மாதம் பட்டா விஷயத்திலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள், மறக்கவில்லை. முதல் வழக்கிலேயே அந்த மனுவைப் போட்டோம். சாட்சி விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள்.

வைகைக்கரை: வணிக வழக்குகளுக்கு அந்த 3,000 ரூபாய் உச்சவரம்பை 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள்.

நெல்லைச்சீமை: கம்பெனிக்காரனுக்கு வரம்பு கிடையாது, நிலத்துக்காரனுக்கு மட்டும் 3,000. நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்!

கருப்புக்கோட்டு: வரம்பை எடுத்தால் நியாயம் உள்ள ஏழையும் கோர்ட் படி ஏறப் பயப்படுவான். பதினெட்டு வருஷமாக அங்கே நிற்கிறவன் சொல்கிறேன்.

நெல்லைச்சீமை: அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேருக்கு இந்த மூவாயிரத்தையாவது வாங்கிக் கொடுத்தீர்கள்?

கருப்புக்கோட்டு: கட்சிக்காரர் விவரத்தைப் பொதுவில் எழுத மாட்டேன்.

நெல்லைச்சீமை: பெயரைக் கேட்கவில்லை. எண்ணிக்கையைக் கேட்டேன்.