சாரிக்கு விலையைப் படத்திலேயே போடலாமா, இன்பொக்ஸில் சொல்வதா?

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் நானும் மச்சாளும் மருதமுனைக் கைத்தறிச் சாரி, சாரன் எடுத்து பேஸ்புக்கில் விற்கிறோம். படத்துக்குக் கீழே யாராவது "விலை?" என்று கேட்டால் மச்சாள் "இன்பொக்ஸ் பாருங்கோ" என்று போட்டுவிடுவா, விலையை வெளியில் போட்டால் மற்றக் கடைக்காரர் அதைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள் என்று அவவுக்குப் பயம், அது சும்மா பயமும் இல்லை. ஆனால் கேட்ட பலர் இன்பொக்ஸ் பக்கம் வருவதே இல்லை. எனக்கே அப்படிப் பதில் கண்டால் எரிச்சல்தான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அடுத்தது வட்ஸ்அப். புதுச் சாரி வந்ததும் பிரோட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகிற மாதிரி அனுப்புவது) அனுப்பினால் எங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகிறது, அதுவும் ஒரு பட்டியலில் 256 பேர்தான். குரூப் தொடங்கினால் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அது சரிவராது. வட்ஸ்அப் சனல் என்றால் நம்பர் மறையும், ஆனால் "இதில் பச்சை இருக்கா?" என்று கடையில் நின்று கேட்கிற மாதிரி அங்கே பேச முடியாது, எங்கள் வியாபாரமே அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

அப்புறம், லண்டன், டொரொண்டோ ஆட்கள் நமக்கு நடுச்சாமத்தில் கேட்கிறார்கள். விடியும்வரை அவர்களைப் பிடித்து வைக்க, மெஷின் வாடை அடிக்காத தானியங்கிப் பதில் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கோ, மாற்றி எழுதிக்கொள்கிறோம்.